நெய்தல் அணியின் வருகைப் பதிவு

ஒன்பது பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கூடத்தில் ஐந்து அணிகள் அமைக்க வேண்டும் என்று உத்தரவு வந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்? நான் செய்ததைச் சொல்கிறேன். ஐந்து நிறத்தில் ஐந்து கொடிகளையும் வழிகாட்டிப் புத்தகத்தையும் ஒரு துணிப்பையில் திணித்து, பைக்கின் முன்னால் மாட்டிக்கொண்டு, குஜிலியம்பாறைப் பக்கத்தில் இருக்கிற சின்னக்கரட்டுக்குப் போனேன். அங்கே ஐரின் டீச்சரிடம் பையை நீட்டி, "ஒப்புக்கு ஒரு போட்டோ எடுத்து அனுப்பிருங்க டீச்சர்" என்றேன்.

டீச்சர் பையை வாங்கிக்கொண்டார். அப்போது அவர் என்னோடு சரியாகப் பேசி ஒரு மாதம் ஆகியிருந்தது. அதற்குக் காரணம் இருந்தது. காரணம் நான்தான்.

என் பெயர் அப்துல் கையூம். திண்டுக்கல்காரன். ஆசிரியர் பயிற்றுநர் என்பது என் பதவி. மேலே யாரோ ஒரு புதுத் திட்டத்தை யோசிப்பார்கள். அதை மூன்று நாள் பயிற்சியில் நான் கேட்டுக்கொண்டு வந்து, ஒரே நாளில் ஆசிரியர்களுக்குச் சொல்லி, பிறகு பள்ளி பள்ளியாகப் போய் நடக்கிறதா என்று பார்க்க வேண்டும். பதினெட்டு வருஷமாக இதுதான் பிழைப்பு. "தபால்காரராவது கடுதாசியக் குடுத்துட்டு வந்துருவாரு. நீங்க குடுத்துட்டு, படிச்சாச்சா படிச்சாச்சான்னு வாசல்ல நிக்கிறீங்க" என்பாள் என் மனைவி ஷாஹினா. தப்பு என்று சொல்ல முடியவில்லை.

நான் பார்த்தவரை, புதுத் திட்டம் வந்ததும் சலித்துக்கொள்கிற ஆசிரியர்கள் உண்டு, போட்டோ எடுத்து அனுப்பிவிட்டு மறந்துபோகிறவர்கள் உண்டு. ஐரின் டீச்சர் இந்த இரண்டிலும் சேர்த்தி இல்லை. அவர் அதைச் செய்து பார்ப்பார். ஆரம்பத்தில் எனக்கு அது பெரிய தலைவலியாக இருந்தது. செய்து பார்க்கிறவர்களுக்குத்தானே சந்தேகம் வரும்? வந்தால் என்னிடம் கேட்பார்கள். எனக்கு எங்கே தெரியும்?

டீச்சர் திண்டுக்கல் டவுனில் பிறந்து வளர்ந்தவர். அப்பா கஸ்பார் வெங்காய லாரி ஓட்டினார். அம்மா ஆரோக்கியம்மாள் மிஷன் பள்ளிக்கூடத்தில் முப்பத்தைந்து வருஷம் ஆசிரியை. "எங்கம்மா கையில ஞாயித்துக்கிழமை ஜெபமாலை இருக்கும் சார், மத்த ஆறு நாளும் பிரம்புதான்" என்று டீச்சர் சொல்லிச் சிரிப்பார். அவர் கையில் நான் பிரம்பைப் பார்த்ததில்லை. கணவர் ரொனால்டு ஒரு அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகை அடிக்கிறார். காலையில் ஆறே முக்கால் பஸ்ஸைப் பிடித்து, எரியோடு, கோவிலூர் எல்லாம் தாண்டி, கைகாட்டி நிறுத்தத்தில் இறங்கி, முருங்கைத் தோட்டங்களுக்கு நடுவே ஒன்றரைக் கிலோமீட்டர் நடக்க வேண்டும். பதினாறு வருஷமாக அப்படித்தான் வருகிறார். டவுனுக்குப் பக்கத்தில் மாறுதல் வாங்க இரண்டு தடவை வாய்ப்பு வந்தும் வாங்கவில்லை. ஏன் என்று கேட்டால், "முருங்கக்கா கெடைக்குதுல்ல சார்" என்பார்.

ஓராசிரியர் பள்ளி. டீச்சரேதான் தலைமையாசிரியர். இரண்டாவது பணியிடம் காலியாகி நாலு வருஷம் ஆகிறது.

அந்த ஒற்றை அறைக்குள் போனால், நான் கொண்டுபோன திட்டங்கள் எல்லாம் இன்னும் உயிரோடு இருப்பதைப் பார்க்கலாம். அட்டையை வைத்துப் படிக்கிற முறை ஒரு காலத்தில் வந்ததல்லவா? அப்போது சுவரின் அடியில், பிள்ளைகள் உட்கார்ந்தபடி எழுதுகிற உயரத்தில், சுற்றிலும் கறுப்புப் பட்டை அடித்தோம். திட்டம் போனதும் மற்ற பள்ளிகளில் அதன் மேல் வெள்ளையடித்துவிட்டார்கள். இங்கே ஒவ்வொரு பிள்ளைக்கும் அதில் ஒரு கட்டம் இன்னும் சொந்தமாக இருக்கிறது. தண்ணீர் குடிப்பதற்கென்று தனியாக மணி அடிக்கச் சொன்னார்கள். மற்ற இடங்களில் மணி மட்டும் அடித்தது. இங்கே மணி அடித்ததும் ஒன்பது பாட்டில்கள் திறக்கும். பத்தாவது பாட்டில்தான் வராது. டீச்சர் ஊருக்கெல்லாம் மணி அடித்துவிட்டு, தன் பாட்டிலை வீட்டில் மறந்துவிட்டு வருவார்.

"எல்லாத் திட்டத்தையும் இப்படி நம்பறீங்களே டீச்சர்" என்று ஒரு தடவை கேட்டேன்.

"புதுசா வந்த மருமகள வாசல்லயே நிக்க வச்சு எடை போடலாமா சார்? ஒரு வருஷம் வீட்டுக்குள்ள இருக்கட்டும். அப்பறம் தெரியும்" என்றார்.

யாரும் கொண்டுவராமல் அவரே வைத்துக்கொண்ட வழக்கமும் ஒன்று உண்டு. வருகைப் பதிவில் ஒரு பிள்ளையை வரவில்லை என்று எழுதும் முன் மூன்று தடவை பெயர் சொல்லிக் கூப்பிடுவார். முதல் தடவை வகுப்பில். இரண்டாவது வாசலில். மூன்றாவது கேட் வரைக்கும் போய், ரோட்டைப் பார்த்து. அவர் இங்கே வந்த முதல் வருஷம் அன்புமணி என்று ஒரு பையன் ஆட்டைக் கட்டிவிட்டு ஓடி வந்திருக்கிறான். கேட்டில் கால் வைக்கும்போது டீச்சர், "அன்புமணி வரல" என்று வாய்விட்டுச் சொல்லி எழுதியிருக்கிறார். அதைக் கேட்டுவிட்டு அப்படியே திரும்பிப் போனவன்தான். மறுவாரம் அப்பா அம்மாவோடு செங்கல் சூளைக்குப் போய்விட்டான். அப்புறம் பள்ளிக்கூடத்துக்கு வரவே இல்லை.

"கேட்டு வரைக்கும் வந்த பிள்ளைய இல்லன்னு எழுதிட்டேன் சார்" என்று டீச்சர் சொன்னபோது, அத்தனை வருஷத்துக்கு முந்திய அந்தக் கதைக்கு அவர் கண் கலங்கியது. அன்றைக்கு நான் மனசுக்குள் சிரித்தேன். ஒரு டிக்கில் என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

இப்போது என் டிக்குக்கு வருகிறேன்.

நாலாம் வகுப்பில் புவனேஸ்வரி என்று ஒரு பிள்ளை. எண்ணெய் தடவிப் படிய வாரிய தலை, எதையும் விடாமல் பார்க்கிற கண். அவள் பள்ளிக்கூடத்தில் பேசமாட்டாள். ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த நாளிலிருந்து ஒரு வார்த்தை கிடையாது. அவள் அம்மா பொன்னழகுதான் அங்கே காலை உணவு சமைக்கிறவர். "வீட்டுல இவ வாய மூடவே மாட்டா சார். ஆட்டுக்குட்டிகள வரிசையா நிக்க வச்சுப் பாடம் எடுப்பா. இந்தக் கேட்டத் தாண்டுனா என்னமோ ஆயிருது" என்பார் பொன்னழகு. காரணம் யாருக்கும் தெரியாது. டீச்சரும் துருவவில்லை. பெயர் கூப்பிட்டதும் புவனேஸ்வரி கையைத் தூக்குவாள். டீச்சர் வருகை போட்டுவிடுவார். வாசிக்கும்போது விரல் எழுத்தின் மேல் ஓடும், உதடு அசையும், சத்தம் வராது. எழுதச் சொன்னால் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை விட நன்றாக எழுதுவாள்.

ஆனால் எங்கள் செயலியில் 'வாய்விட்டு வாசித்தல்' என்று ஒரு கட்டம் உண்டு. அதில் மதிப்பெண் போடாவிட்டால் அந்தப் பள்ளியின் வரிசை சிவப்பாகவே நிற்கும். ஜூலையில் ஒருநாள், கோவிலூர் டீக்கடையில் நிற்கிறேன். மணி நாலே முக்கால். ஐந்து மணிக்குள் எல்லாப் பள்ளியும் பச்சையாக வேண்டும் என்று மேலிருந்து போன் மேல் போன். சின்னக்கரடு மட்டும் சிவப்பு. பேசாத பிள்ளைக்கு வாசிப்பு மதிப்பெண் எப்படிப் போடுவது? பக்கத்திலேயே இன்னொரு கட்டம் இருந்தது: 'அறிவுசார் குறைபாடு உடையவர்'. அதில் ஒரு டிக் போட்டால் வாசிப்புக் கட்டமே மறைந்துவிடும். போட்டேன். வரிசை பச்சையானது. டீயைக் குடித்து முடித்தேன்.

மறுவாரம் டீச்சர் போன் பண்ணினார்.

"சார், எங்க பள்ளிக்கூடத்துல இல்லாத ஒரு பிள்ளையப் பத்தி எனக்கு மெசேஜ் வந்துருக்கு."

"யாரு டீச்சர்?"

"பேரு புவனேஸ்வரின்னு போட்டுருக்கு. ஆனா அது எங்க புவனேஸ்வரி இல்ல. நீங்க யாரப் பாத்துட்டு எழுதுனீங்க சார்?"

நான் சமாளித்தேன். அது சும்மா ஒரு கட்டம்தான், பிள்ளைக்குச் சலுகைதான் கிடைக்கும் என்றேன். டீச்சருக்குக் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. அன்றைக்குக் கேட்டேன்.

"அந்த உதவி தேவைப்படற பிள்ளைக்கு அது கண்ணு மாதிரி சார். ரெண்டு வருஷம் முன்னாடி நான்தான் ஒரு பையனுக்கு அலைஞ்சு வாங்கிக் குடுத்தேன், ஒங்களுக்கே தெரியும். இவளுக்கு அது இல்ல. நாளைக்குப் பெரிய பள்ளிக்கூடம் போவா. அங்க இருக்கற டீச்சர் இவ மூஞ்சியப் பாக்கும் முன்னாடி இந்தக் கட்டத்தத்தான் பாப்பாங்க. பாடத்தப் பாதியாக் குறைச்சுக் குடுப்பாங்க. ஓரமா ஒக்கார வைப்பாங்க. இவளும் ஒரு வார்த்த சொல்லமாட்டா. அப்படியே போயிரும் சார்."

எடுத்துவிடுகிறேன் என்றேன். முடியவில்லை. போட்டது போட்டதுதான்; நீக்க வேண்டுமானால் டிசம்பர் மதிப்பீட்டு முகாமில் டாக்டர் பார்த்து எழுத வேண்டும். டாக்டர் கேட்பதற்குப் பிள்ளை பதில் சொல்ல வேண்டும். இதை டீச்சரிடம் சொல்லிவிட்டு ஒரு மாதம் அந்தப் பக்கமே தலைகாட்டவில்லை. கொடிப் பையோடுதான் போய் நின்றேன்.

சரி, அணிகளுக்கு வருவோம். குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று ஐந்து பெயர்கள். பாட்டன் காலத்திலிருந்து வானம் பார்த்த பூமி அது. ஊரே பாலையாக இருக்கும்போது தனியாக ஒரு பாலை அணி எதற்கு என்று எனக்குத் தோன்றியது. டீச்சர் தன் டிபன் பாக்ஸைத் துடைத்து, ஐந்து நிறத்தில் ஒன்பது சீட்டுகளைப் போட்டுக் குலுக்கினார். பிள்ளைகள் இரண்டு இரண்டாகச் சேர்ந்தார்கள். கடைசிச் சீட்டு புவனேஸ்வரிக்கு. நீலம். நெய்தலில் அவள் மட்டும்தான்.

பாலை அணிக்குத் தலைவனான ஐந்தாம் வகுப்பு இஷாக், "டீச்சர், ஆளே இல்லாத அணிக்குப் பேசாத தலைவியா?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். புவனேஸ்வரி சீட்டை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டாள்.

"ஏலே, ஆளு இல்லன்னு யாரு சொன்னா? நான் இருக்கேன்ல" என்று டீச்சர் எழுந்துபோய் நீலக் கொடிக்குப் பின்னால் நின்றார்.

"டீச்சர், நீங்க பொறுப்பாசிரியர். அணியில ஆளா நிக்கறதுக்கு வழிகாட்டியில..." என்று நான் இழுத்தேன்.

"கூடாதுன்னு போட்டுருக்கா சார்?"

அங்கேயே புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினேன். கூடாது என்று எங்கேயும் போடவில்லை.

அணித் தலைவர்கள் தினமும் காலை வழிபாடு முடிந்ததும் தங்கள் அணிக்கு வருகை எடுக்க வேண்டும், நகம் பார்க்க வேண்டும், தண்ணீர் பாட்டில் பார்க்க வேண்டும், புள்ளி போட வேண்டும். டீச்சர் நெய்தலின் தலைவிக்கு நீல அட்டை போட்ட நாற்பது பக்க நோட்டு ஒன்று கொடுத்தார். முதல் நாள் புவனேஸ்வரி அதைத் திறந்து வைத்துக்கொண்டு டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் கையைத் தூக்கினார். அவள் டிக் போட்டாள். அவ்வளவுதான். மூன்று வருஷமாக அவள் எப்படி வருகை சொன்னாளோ அப்படியே டீச்சர் அவளுக்குச் சொன்னார்.

பார்த்துக்கொண்டிருந்த எனக்குப் பொறுமை இல்லை. இது என்ன ஊமை நாடகம் என்றுதான் நினைத்தேன்.

அக்டோபரில் போனபோது அந்த நோட்டை வாங்கிப் பார்த்தேன். குண்டுக் குண்டாக எழுத்து. 'ஐரின் டீச்சர். நகம் சரி. தண்ணீர் பாட்டில் இல்லை. கழித்தல் 2.' மறுநாளும் அதே கழித்தல். அதற்கு மறுநாளும். "ஏம்மா, ரெண்டு புள்ளி ரொம்ப அதிகம்டா, ஒண்ணாக் கொறச்சுக்கயேன்" என்று டீச்சர் கெஞ்சுகிறார். புவனேஸ்வரி இரண்டு விரலை நீட்டி, இரண்டுதான் என்று தலையாட்டுகிறாள். அவள் முகத்தில் சிரிப்பை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"முகாமுக்கு ஒன்றரை மாசம்தான் இருக்கு டீச்சர். எப்படியாவது பேச வைக்கப் பாருங்களேன்" என்றேன்.

"பேச வைக்கறதுக்கு அவ என்ன ரேடியோவா சார்?" என்றார். அப்புறம் குரல் இறங்கியது. "பயமாத்தான் இருக்கு. மாதாகிட்ட தெனம் கேக்கறேன். ஆனா அவள நெருக்கமாட்டேன். நெருக்குனா அந்த நோட்டையும் மூடிருவா."

நவம்பரில் நல்ல மழை பெய்த ஒரு காலை. சுவரொட்டிக் கட்டு ஒன்றைக் கொடுக்க ஒன்பது மணிக்கே சின்னக்கரட்டுக்குப் போய்விட்டேன். பிள்ளைகள் கிச்சடி சாப்பிட்டு முடித்திருந்தார்கள். பொன்னழகு பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"டீச்சர இன்னும் காணோம் சார். பஸ்ஸு எங்கயும் நின்னு போச்சோ என்னமோ" என்றார்.

போன் போட்டேன். கிடைக்கவில்லை. ஒன்பது இருபதுக்கு இஷாக் போய் மணியை அடித்தான். டீச்சர் இல்லையென்றாலும் வழிபாடு நடக்கும், அப்படிப் பழக்கியிருந்தார். வாழ்த்துப் பாடினார்கள், உறுதிமொழி சொன்னார்கள். ஒவ்வொரு தலைவராக வருகை எடுத்தார்கள். கடைசியில் நெய்தல்.

புவனேஸ்வரி நோட்டைத் திறந்தாள். நீலக் கொடிக்குப் பின்னால் டீச்சர் நிற்கிற இடம் காலியாக இருந்தது. அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"டீச்சர் வரலைல்ல. ஆப்சென்ட் போட்டுரும்மா" என்றேன்.

அவள் மாட்டேன் என்று தலையாட்டினாள்.

"மூணு தடவ கூப்பிடாம ஆப்சென்ட் போடக் கூடாது சார். அதான் இங்க சட்டம்" என்றான் இஷாக். "இவதான் கூப்பிடமாட்டாளே, நான் கூப்பிடறேன்" என்று வாயைத் திறந்தான். புவனேஸ்வரி உள்ளங்கையை அவன் முகத்துக்கு நேரே நீட்டி நிறுத்தினாள். அவள் அணி. அவள்தான் கூப்பிட வேண்டும்.

"ஐரின் டீச்சர்."

எனக்கு ஒரு கணம் யார் பேசியது என்று தெரியவில்லை. மெதுவாக, காற்று மாதிரி வந்த சத்தம். பிள்ளைகள் எல்லாரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை. வாசல் வரைக்கும் நடந்தாள். "ஐரின் டீச்சர்." இது கொஞ்சம் பலமாக. பிறகு ஈரத்தில் செருப்பில்லாமல் கேட் வரைக்கும் போய், கம்பியைப் பிடித்துக்கொண்டு, ரோட்டைப் பார்த்து அடிவயிற்றிலிருந்து ஒரு கத்தல். "ஐரின் டீச்சர்ர்ர்!" பிஞ்சுக் குரலாக இருக்கும் என்று நான் நினைத்திருந்தேன். அது கரட்டுக் குன்றில் ஆடு திருப்புகிற குரல். தூரத்தில் மேய்ந்துகொண்டிருந்த இரண்டு ஆடுகள் நிஜமாகவே தலையைத் தூக்கிப் பார்த்தன.

பொன்னழகு சாம்பல் கையோடு நின்றார். "எம் மவ சார்" என்றார் என்னிடம், எனக்குத் தெரியாத மாதிரி. "எம் மவ குரலு சார்."

புவனேஸ்வரி செத்த நேரம் ரோட்டைப் பார்த்துவிட்டு, திரும்பி வந்து, நோட்டில் 'வரவில்லை' என்று எழுதினாள்.

டீச்சர் பத்தே காலுக்குப் பால்காரர் வண்டியில் வந்து இறங்கினார், சேலையெல்லாம் சேறு. எரியோடு தாண்டி பஸ் நின்றுவிட்டதாம். எட்டுப் பிள்ளைகளும் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டு ஓடினார்கள். டீச்சருக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. நான்தான் சொன்னேன். "கூப்பிட்டுச்சு டீச்சர். மூணு தடவ."

அவர் படியில் உட்கார்ந்துவிட்டார். சிரிக்கவும் செய்தார், அழவும் செய்தார். "நான் இல்லாத நாளாப் பாத்தா? எனக்குக் கேக்கக் குடுத்து வைக்கல பாருங்க சார்" என்றார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு நீலக் கொடிக்குப் பின்னால் போய் நின்று கையைத் தூக்கினார். தலைவி நோட்டைத் திறந்தாள். 'தாமதம். கழித்தல் 1.' வாய் திறக்கவில்லை.

மறுநாளும் திறக்கவில்லை. டீச்சர்தான் எதிரே நிற்கிறாரே, கூப்பிட வேண்டிய அவசியம் என்ன?

எனக்கு ஒரு யோசனை வந்தது. "முகாமுக்குள்ள இன்னும் நாலஞ்சு நாள் லேட்டா வாங்களேன் டீச்சர். பிள்ளைக்குப் பேசப் பழக்கமாயிரும்" என்றேன்.

"பொய்யா இல்லாமப் போறதா? அவ நம்பி எழுதற நோட்டு சார் அது. அதுல நான் விளையாட மாட்டேன்" என்றார். இதை அவர் எனக்காகச் சொல்லவில்லை. ஆனாலும் எனக்குச் சுட்டது.

டிசம்பர் முதல் வாரத்தில், ஒரு நடுநிலைப் பள்ளியில் முகாம். அன்றைக்குச் சின்னக்கரட்டைப் பார்த்துக்கொள்ள வேறு பள்ளி ஆசிரியர் ஒருவரை நானே ஏற்பாடு செய்துவிட்டு, ஒன்பது மணிக்கு முன்பே போய்விட்டேன். டீச்சரும் பொன்னழகும் புவனேஸ்வரியை நடுவில் வைத்துக்கொண்டு வராந்தாவில் உட்கார்ந்திருந்தார்கள். பிள்ளை சீருடையில் இருந்தாள், புத்தகப் பையைக் கழற்றவில்லை. முதல் பெயரே அவளுடையது.

"பெத்தவங்க மட்டும் உள்ள வாங்க. டீச்சர் வெளிய இருங்க" என்றார் உதவியாளர். கதவு சாத்தப்பட்டது. கோப்புகளை எடுத்துக் கொடுக்க நான் உள்ளே இருந்தேன்.

டாக்டர் நல்ல பெண்மணி. அவசரப்படவில்லை. பெயர் கேட்டார். படம் காட்டினார். வீட்டில் எத்தனை ஆடு என்று கேட்டார். புவனேஸ்வரி மேஜையின் விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பொன்னழகு, "சொல்லு தங்கம், சொல்லு" என்று முந்தானையை முறுக்கினார்.

"இவ நல்லா எழுதுவா மேடம். எழுதச் சொல்லிப் பாக்கலாமே" என்றேன்.

"பாத்தேன் சார், நோட்டெல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா பேச்சுப் பகுதியில நான் ஏதாவது போட்டே ஆகணும். காலியா விட்டா சிஸ்டம் ஏத்துக்காது."

இதே வார்த்தையைத்தான் கோவிலூர் டீக்கடையில் நான் எனக்குச் சொல்லிக்கொண்டேன். இப்போது அது அந்தப் பிள்ளைக்கு இரண்டடி தூரத்தில் என் காதில் விழுந்தது. யா அல்லா, என் தப்பை இவள் தலையில் கட்டாதே என்று மனசுக்குள் சொன்னேன். டாக்டர் பேனாவை எடுத்தார்.

அப்போது அந்தப் பள்ளியின் மைதானத்தில் வழிபாட்டு மணி அடித்தது. ஒன்பது இருபது.

புவனேஸ்வரி பையைத் திறந்தாள். நீல அட்டை நோட்டை எடுத்துத் தேதி எழுதினாள். நிமிர்ந்து அறையைச் சுற்றிப் பார்த்தாள். எழுந்து நின்றாள்.

"ஐரின் டீச்சர்."

டாக்டரின் பேனா அப்படியே நின்றது. பொன்னழகு வாயைப் பொத்திக்கொண்டார். புவனேஸ்வரி கதவை நோக்கி நடந்தாள். "ஐரின் டீச்சர்." பதில் இல்லை. கதவுக்கு ஒரு சாண் தூரத்தில் நின்று, மூன்றாவது தடவை, கரடு கேட்கிற குரலில் கூப்பிட்டாள். வராந்தாவில் பேச்சுச் சத்தமெல்லாம் அடங்கிவிட்டது. அப்போதும் பதில் இல்லை. அவள் நோட்டைப் பார்த்துக் குனிந்தாள். ஆப்சென்ட் போடப்போகிறாள். நான் ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன்.

டீச்சர் எதிர்ச் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். கண்ணீர் தாரை தாரையாக ஓடியது. உள்ளேன் என்று சொல்லத்தான் உதடு அசைந்துகொண்டிருந்தது, சத்தம் வரவில்லை. ஆனால் வலது கை மட்டும் தலைக்கு மேலே நேராகத் தூக்கியிருந்தது. சாத்திய கதவுக்கு வெளியே, யாருக்கும் தெரியாமல், எவ்வளவு நேரமாக அப்படித் தூக்கிக்கொண்டு நின்றாரோ.

புவனேஸ்வரி பார்த்தாள். டிக் போட்டாள்.

"யாரும்மா அவங்க?" என்று கேட்டார் டாக்டர்.

"எங்க அணி" என்றாள் புவனேஸ்வரி. "நெய்தல்."

டாக்டர் தாளில் அச்சாகியிருந்த என் டிக்கை அடித்துவிட்டு, பக்கத்தில் ஏதோ எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதை டீச்சருக்குக் காட்ட நான் வெளியே வந்தேன். அதற்குள் தலைவி வராந்தாவுக்குப் போய்விட்டாள். டீச்சரின் தோள்பையைத் திறந்து உள்ளே துழாவிக்கொண்டிருந்தாள்.

"தண்ணி பாட்டில் எங்க?" என்றாள்.

டீச்சர் இல்லை என்று தலையாட்டினார். கையை இன்னும் கீழே இறக்கவில்லை.

"கழித்தல் ரெண்டு" என்று வாய்விட்டுச் சொல்லி எழுதினாள்.